ஒரு பக்கம் தட்டையான ஐரிஷ் பறை

மொன்றியல் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, இரண்டு பட்டுச் சேலைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு மூங்கில் குச்சிகளை உருவி எடுத்தார். ஒன்று குட்டை, ஒன்று நீளம். "இவை என்ன?" என்றார். "மியூசிக்" என்றேன். "டிரம் எங்கே?" என்றார். "வீட்டில்" என்றேன். டிரம்மை வீட்டில் வைத்துவிட்டுக் குச்சியை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்த ஆளை அவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறார் போல. சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

டிரம் வீட்டில் இருந்ததற்குக் காரணம் என் தங்கை கயல். "அக்கா, ஊறுகா, பொடி, என்ன வேணாலும் கொண்டு வா. பறைய மட்டும் கொண்டு வராத" என்று போனில் சொல்லியிருந்தாள். வீடு சின்னது, சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் செய்வார் என்று ஏதேதோ காரணம் அடுக்கினாள். நானும் நம்பினேன். ஆனால் குச்சி இல்லாமல் எனக்குக் கை ஓடாது, அதனால் அவற்றைச் சேலைக்குள் சொருகினேன்.

நான் பறையடிக்கிறவள். வார நாட்களில் திண்டுக்கல் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். சனி ஞாயிறுகளில் ஏழு பெண்கள் கொண்ட பறைக் குழுவில் முன்வரிசை. கல்லூரி விழா, கல்யாணம், ஊர்வலம், சாவு என்று எதையும் விடமாட்டோம். சொல்லிக் கொடுத்தவர் அப்பா. அவருடைய அடிக்கு எங்கள் பக்கத்தில் தனிப் பெயர் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கயல் எங்கள் வீட்டின் படிப்பாளி. விவசாயம் படித்து, மேற்படிப்புக்காக மொன்றியல் வந்து, இப்போது தீவின் மேற்கு முனையில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணவர் ஜெராட், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் வந்து இறங்கிய அதே டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் இருக்கிறார். அவர்கள் கல்யாணத்துக்கு எங்களில் யாருக்கும் விசா கிடைக்கவில்லை. இப்போது மகள் மலருக்கு ஞானஸ்நானம். என் ஒருத்திக்கு மட்டும் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து முதல் முறையாகச் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கப் போகிறவள் நான்தான்.

இரண்டாம் நாளே சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கணவாய்க் கறி, மீன் பொரியல். திண்டுக்கல்லில் நாங்கள் குழம்புக்குக் காரம் போடுவோம். யாழ்ப்பாணத்தார் காரத்துக்குக் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறார்கள். கண்ணில் தண்ணீர் வழியவழியச் சாப்பிட்டேன். கயலின் மாமியார், "வடிவாச் சாப்பிடுங்கோ பிள்ளை" என்று இன்னும் இரண்டு கரண்டி வைத்தார். அன்பான மனுஷி. அந்த அன்போடுதான் கேட்டார்.

"உங்கட அப்பா சங்கீத வாத்தியாரெண்டு கயல் சொன்னவ. இப்பவும் படிப்பிக்கிறாரோ?"

வாயில் இடியப்பம். எதிரே கயல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெராட் தண்ணீர் எடுக்க எழுந்து போனார். நான் மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். "இப்பவும் நாலு பேருக்குத் தாளம் சொல்லிக் குடுக்குறாருங்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மை மாதிரியும் இல்லை. மாமனார் சவிரிமுத்து அதிகம் பேசாத மனிதர். "நல்லம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் முள்ளைப் பார்த்து எடுத்தார்.

திரும்பும்போது காரில் பிடித்துக்கொண்டேன். "யாருடி சங்கீத வாத்தியார்?"

"கல்யாணப் பேச்சுல அப்பா என்ன பண்றாருன்னு மாமி கேட்டாங்க. வாயில வந்துருச்சுக்கா. அவங்க ஊருலயும் பறைன்னா யாரு என்னன்னு பார்ப்பாங்க. இந்தியாக்காரின்னு தெரிஞ்சும் என்னை ஏத்துக்கிட்டதே பெருசு."

"ஜெராட்டுக்குத் தெரியுமா?"

ஜெராட்டே பதில் சொன்னார். "எனக்குத் தெரியும் அக்கா. சொல்லுவம் எண்டு எத்தினையோ தரம் சொல்லிட்டன். இவதான் பயப்பிடுறா."

"சனிக்கிழமை ஞானஸ்நானம் முடியட்டும்" என்றாள் கயல். "அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். எனக்கு வலித்தது, அதை மறைப்பானேன். சாவு வீடுகளில் அப்பா பறையடித்த கூலியில்தான் அவளுடைய கல்லூரி விடுதிக் கட்டணம் போனது. அவள் சேர்ந்த நாளில் அந்தப் பறையைத் தோளில் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார். அந்த மனிதரைச் சுருதிப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டாளே என்று அன்று முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெராட் சமாதானத்துக்கு இந்த ஊர்ப் பண்டம் என்று ஒன்றை வாங்கி வந்தார். உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று பொரித்து, பிறகு அதன்மேல் பாலாடைக்கட்டியைப் போட்டுக் குழம்பை ஊற்றி ஊறவைத்திருந்தார்கள். ஊறவைப்பதற்கு எதற்காக மொறுமொறுவென்று பொரிக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன்.

புதன்கிழமை கயலின் வேலையிடத்தைப் பார்க்கத் தனியாகப் பேருந்தில் கிளம்பினேன். இந்த ஊரில் பேருந்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆறு பேர்தான், ஆனாலும் வரிசை. எனக்கு அது வரிசை என்றே தெரியவில்லை. சும்மா ஒருவர் பின்னால் ஒருவர் நின்று யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பேருந்து வந்ததும் திண்டுக்கல் ஞாபகத்தில் பாய்ந்து முதலில் ஏறினேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி பிரெஞ்சில் ஏதோ சொல்ல, பக்கத்து இளைஞன் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னான்: "இந்தப் பேருந்து ஓடிவிடாது என்று சொல்கிறார்." இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்று, மறுபடி ஏறினேன். பாட்டி என்னைப் பார்த்து 'மெர்சி' என்று நன்றி சொன்னார். பிறகு இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் ஏரிக்கரையோடு திரும்பி நடந்தேன். கால் வலித்தாலும் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கயல் என்னை நேராக டெக்லனிடம் கூட்டிப்போனாள். அவளோடு வேலை பார்ப்பவர், அயர்லாந்துக்காரர், அறுபது வயதிருக்கும். அங்கே கருவிகள் பழுது பார்ப்பது தொழில். வீட்டுக் கொட்டகையில் டிரம் செய்வது ஆசை. ஞானஸ்நான விருந்தில் இரண்டு நண்பர்களோடு வந்து வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் குழந்தைக்குத் தரும் பரிசு. ஆனால் நாங்கள் போனபோது அவர் வலது கைக் கட்டைவிரலில் பெரிய கட்டு. முந்தின நாள் உளி வழுக்கிவிட்டதாம்.

மேசையில் அந்த டிரம் கிடந்தது. பௌரான் என்று பெயர். மரச்சட்டம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல், மறுபக்கம் திறந்த வெளி. பார்த்த உடனே என் கை பரபரத்தது. பறைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. ஓர் ஓரத்தை உடைத்துத் தின்ற அப்பளம் போல ஒரு பக்கம் நேராக, தட்டையாக இருந்தது.

"மற்ற எல்லா பௌரானும் வட்டம்தான்" என்றார் டெக்லன். "இது ஒன்றுதான் இப்படி. ஆவியில் வளைக்கும்போது மரம் ஓரிடத்தில் முறிந்தது. தூக்கிப் போட மனசில்லை. முறிந்த இடத்தில் நேர்கட்டை வைத்து மூடினேன். பிறகு பார்த்தால் தொடையில் வைத்தால் உருளாமல் உட்காருகிறது. இதைத்தான் இப்போது அதிகம் வாசிக்கிறேன்."

வாசிக்கும் விதத்தை இடது கையால் காட்டினார். இரண்டு முனையும் தடித்த ஒரு சின்னக் குச்சி. பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து, மணிக்கட்டை உதறினால் இரண்டு முனையும் மாறி மாறித் தோலில் விழும். மறு கை டிரம்முக்குள்ளே இருந்து தோலை அழுத்தித் தளர்த்தும். சத்தம் ஏறி இறங்கும். நான் வாங்கி மடியில் வைத்தேன். முதல் பத்து நிமிடம் குச்சி இரண்டு தடவை தரையில் விழுந்தது. ஒற்றைக் குச்சி எனக்கு ஒரு செருப்போடு நடப்பது மாதிரி இருந்தது. பிறகு மணிக்கட்டுக்கு வழி தெரிந்துவிட்டது. அவர் போனில் ஓடவிட்ட ஐரிஷ் பாட்டு மூன்று மூன்றாகத் துள்ளியது. சாமி ஊர்வலத்தில் நாங்கள் அடிக்கும் ஓர் அடியும் அப்படியே துள்ளும். அதை மெதுவாக உள்ளே விட்டேன். டெக்லன் பாட்டை நிறுத்தினார்.

"உங்களுக்கு யார் கற்றுத் தந்தது?"

"என் அப்பா. பறை என்று ஒரு டிரம். கல்யாணத்துக்கும் அடிப்பார், சாவுக்கும் அடிப்பார்." அவரிடம் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. சத்தியம் சம்பந்தி வீட்டுக்குத்தானே.

"என் தாத்தா கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இதைத் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்" என்றார். "அப்போது இதை யாரும் வாத்தியமாக மதிக்கவில்லை. ஆட்டுத்தோலை அடிக்கிற சத்தம் என்று மூக்கைச் சுளிப்பார்கள். இன்று டவுன்டவுன் மதுக்கடையில் இதோடு நுழைந்தால் எழுந்து நாற்காலி தருகிறார்கள்." அதன்பின் கயலைப் பார்த்து, "சனிக்கிழமை உன் அக்கா வாசிக்கட்டும். என் விரலுக்கு ஓய்வு" என்றார்.

கயலால் மறுக்க முடியவில்லை. வெளியே வந்ததும், "ஐரிஷ் டிரம்தான? பரவாயில்ல" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல. "உக்காந்து வாசி. நம்ம அடிய அடிக்காத."

டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து வியாழனும் வெள்ளியும் சாதகம். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடவில்லை. வேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, 'பிராவோ' என்று சொல்லிப் போனார். கயலை ஒரு பார்வை பார்த்தேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை மழை. மாதா கோவிலில் மலர் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அழவே இல்லை; பாதிரியாரின் மேல் அங்கியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மழை விட்டு, வீட்டுத் தோட்டத்தில் விருந்து. நாற்பது பேர் இருக்கும். மாமி, ஜெராட்டின் பெரியம்மா, உறவினர், வேலையிட நண்பர்கள். சவிரிமுத்து மாமா பெரிய கரியடுப்பு மூட்டிக் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்.

டெக்லனின் நண்பர்கள் வயலினுக்குச் சுருதி சேர்த்து, புல்லாங்குழலைத் துடைத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் டிரம்மை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். தொப்பென்றது. காலையிலிருந்து தோட்டத்து ஈரக் கொட்டகையில் கிடந்து தோல் குளிர்ந்து தொய்ந்திருந்தது. ஈரத்துணியை அடிக்கிற சத்தம்.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தோல் தொய்ந்தால் எந்தப் பறைக்காரரும் என்ன செய்வாரோ அதைச் செய்தேன். நேராக அடுப்புக்குப் போனேன். "கொஞ்சம் தள்ளுங்க மாமா" என்றேன். தோலை நெருப்புக்குக் காட்டி, சக்கரம் சுற்றுவதைப் போல மெல்லத் திருப்பினேன். விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். மறுபடி காட்டினேன். கோழிக் கொழுப்பு சொட்டித் தணல் சட்டென்று எரிந்து எழுந்தது.

"வேண்டாம்! வேண்டாம்!" என்று டெக்லன் ஓடிவந்தார். "ஐயோ, பசை விட்டுவிடும்!"

வெடுக்கென்று இழுத்தேன். பசை விடவில்லை. ஆனால் தோலின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கருகல். ஒருவர் கையால் செய்த, உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கிற டிரம். "சாரி, சாரி" என்றேன். டெக்லன் அந்தக் கருகலை விரலால் தடவினார். பிறகு ஒரு தட்டுத் தட்டினார். கிண்ணென்று கேட்டது. அவர் புருவம் உயர்ந்தது.

சவிரிமுத்து மாமா இடுக்கியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஆர் உங்களுக்கு இப்பிடிக் காய்ச்சப் பழக்கினது?" என்றார். கோபம் இல்லை, கேள்விதான். "எங்கட ஊரில பறையடிக்கிற ஆக்கள்தான் இப்பிடிப் பிடிச்சு, இப்பிடித் தட்டிப் பாக்கிறவை."

மாமி கையில் தண்ணீர் ஜாடியோடு நின்றார். பெரியம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். என் நாக்கு நுனியில் அப்பா இருந்தார். ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பேசாமல் இருந்ததே இல்லை.

கயல் மலரைத் தோளில் போட்டபடி வேலியோரம் நின்றிருந்தாள். அங்கிருந்து நடந்து வந்தாள்.

"எங்கட அப்பாதான் மாமா" என்று யாழ்ப்பாணத் தமிழில் தொடங்கினாள். குரல் உடைந்தது, உடனே எங்கள் ஊர்த் தமிழுக்கு வந்துவிட்டாள். "எங்கப்பா சங்கீத வாத்தியார் இல்ல. பறையடிக்கிறவரு. சாவுக்கு அடிச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாரு. அக்காவும் பறையடிக்கிறவ. நான்தான் பொய் சொன்னேன். தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல."

ஜெராட் வந்து அவள் பக்கத்தில் நின்றார். பெரியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, வேறொரு வீட்டுக்கும் போகவேண்டும் என்று எழுந்தார். மாமி தண்ணீர் ஜாடியோடு உள்ளே போனார். மாமா கோழியைத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாத் துண்டையும் திருப்பினார். அவர் முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

"அக்கா" என்றாள் கயல். "குச்சிய எங்க வச்சிருக்க?"

"பெட்டில. சேலைக்கு நடுவுல."

அவளே உள்ளே போய் எடுத்து வந்தாள். மலரைச் சுற்றியிருந்த ஞானஸ்நான வெள்ளைச் சால்வையை அவிழ்த்து, டிரம்முக்கு உள்ளே குறுக்காக இருந்த கட்டையில் கட்டி, என் தோளில் மாட்டினாள். டிரம் இடுப்புக்கு இறங்கியது. அந்தத் தட்டையான பக்கம் என் இடுப்பில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. டெக்லனைப் பார்த்தேன். "தோல்தானே, கிழிந்தால் வேறு போடலாம், அடி" என்றார்.

நின்றுகொண்டு, இரண்டு குச்சியாலும் அடித்தேன். எங்கள் அடி. முதலில் வயலின்காரப் பெண் திகைத்தாள், பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். புல்லாங்குழல் பின்னால் வந்தது. அவர்கள் பாட்டு மூன்றாகத் துள்ள, நான் அதன் கீழே தரையைப் போட்டேன். ஜெராட்டின் நண்பர்கள் இரண்டு பேர் ஆடத் தொடங்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. மாமி வாசலுக்குத் திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை தட்டவில்லை; உள்ளேயும் போகவில்லை. நான் அடித்த மேடைகளைக் கணக்குப் பார்த்தால் கூட்டம் இதைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது. பெருமை இதைவிடப் பெரியதாக இருந்ததில்லை.

கயல் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். திரையில் அப்பா, சாப்பிட்டுவிட்டுப் பனியனோடு கட்டிலில். அடித்து முடித்ததும் அவரிடம் ஓடினேன்.

"என்னம்மா அது, ஒரு ஓரம் வெட்டுப்பட்டுக் கெடக்கு?" என்றார். பிறகு யோசித்து, "அடி சுத்தம். தோலுதான் எறங்கிக் கேக்குது. இன்னொரு தடவ காய்ச்சிட்டு அடி" என்றார். அவ்வளவுதான். ஏழு கடல் தாண்டி அடித்ததற்கு இவ்வளவுதான் பாராட்டு.

அடுப்படியிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "சம்பந்தி என்ன சொல்லுறார்?"

கயல் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "தோல் இன்னும் காயோணுமாம் மாமா."

ஜெராட் அதை ஆங்கிலத்தில் சொல்ல, டெக்லன் தலையில் கைவைத்தார். சவிரிமுத்து மாமா போனில் தெரிந்த அப்பாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இடுக்கியால் கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் தணல் தெரிய இடம் பண்ணினார்.

"கொண்டாங்கோ பிள்ளை" என்றார்.